மேற்கு பார்த்த பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைக்கலாமா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

அன்பர்களுக்கு வணக்கம். செந்தூலில் 22 மாடிக் கொண்டோமினியம் ஒன்றின் 14ஆம் மாடியில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டின் பரப்பு 950 சதுர அடி. கூடத்தை ஒட்டி, மேற்கு பார்த்தபடி, 12 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள பால்கனி ஒன்று இருக்கிறது. என் தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர் வாழும் வீட்டில், அடுத்த ஆண்டு எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வு எழுதவிருக்கும் மூத்த மகளுக்கு அமைதியாக அமர்ந்து படிக்க ஓர் இடமில்லை. பால்கனியின் விளிம்பில் கண்ணாடிச் சட்டங்களைப் பொருத்தி, தரையைக் கூடத்தின் மட்டத்துக்கு உயர்த்தி, இடையில் இருக்கும் நகர்த்துக் கதவை எடுத்துவிட்டால் கூடம் 60 சதுர அடி பெரிதாகிவிடும் என்று கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகையாளர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவிக்கும் மகளுக்கும் அதில் விருப்பம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு அங்கே நிற்க முடியாத வெயில் அடிக்கிறது, காற்றோடு மழை பெய்தால் தரை முழுவதும் நனைந்துவிடுகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 74 வயதான என் தாயார் தினமும் காலையில் துளசிக்கு நீரூற்றிவிட்டு அரை மணி நேரம் அமர்வது அந்த இடத்தில்தான். முழங்கால் வலியால் அவர் மின்தூக்கியில் இறங்கிக் கீழே செல்வதே வாரத்துக்கு ஒரு முறையாகிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் குறைந்தது எட்டு வீடுகள் ஏற்கெனவே பால்கனியை அடைத்துவிட்டன. கீழே நின்று பார்த்தால், ஒரே சட்டையில் வெவ்வேறு நிறப் பொத்தான்களைத் தைத்தது போலத் தெரிகிறது. பால்கனி அடைபட்டால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் இழப்பா, கட்டடத்துக்கும் தெருவுக்கும் அதனால் ஏதேனும் நேர்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இரண்டு விவரங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கூடத்துக் குளிரூட்டியின் வெளிப்பெட்டி பால்கனியின் மூலையில் இருக்கிறது, பெரிய படுக்கையறையின் ஒரே ஜன்னலும் பால்கனிக்குள்தான் திறக்கிறது.

வரைவாளர், ஜோர்ஜ்டவுன்:

ஐயா, நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டட வரைபடங்கள் தயாரிப்பவன். நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு விவரங்களில்தான் பாதி விடை இருக்கிறது. ஆனால் முதலில் வெயிலைப் பார்ப்போம், ஏனெனில் நம் நாட்டுப் பால்கனி பிறந்ததே வெயிலையும் மழையையும் சுவருக்கு ஓர் அடி தள்ளி நிறுத்துவதற்காகத்தான்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தலைக்கு மேல்தான் நிற்கிறது. தெற்கு பார்த்த சுவரில் டிசம்பர் நண்பகலில்கூட, 5 அடி நீட்டிய தளம் தனக்குக் கீழே 10 அடி உயரத்துக்கு நிழல் தந்துவிடும். சிக்கல் கிழக்கிலும் மேற்கிலும்தான். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் வாக்கில்தான். அதனால்தான் நம் ஊரில் மாலை ஆறு மணிக்கும் வெயில் கண்ணைக் கூசுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உங்கள் மேல்வீட்டுப் பால்கனியின் தளம் உங்கள் கூடத்துக் கதவின் மேல் எவ்வளவு நிழல் விழச் செய்யும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு ஏறக்குறைய 10 அடி, அதாவது கதவு முழுவதும் நிழலில் இருக்கும். நான்கு மணிக்கு அது ஐந்தரை அடியாகவும், ஐந்து மணிக்கு மூன்றேகால் அடியாகவும், ஆறு மணிக்கு ஒன்றரை அடிக்குச் சற்று மேலாகவும் சுருங்கும். மாலையில் அந்தப் பால்கனி உங்களைக் காப்பாற்றவில்லை என்று நீங்கள் உணர்வது சரியே. ஆனால் பகல் ஒன்றேகாலிலிருந்து நான்கு மணி வரைக்கும் அது அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் காண வேண்டும்.

கண்ணாடியை விளிம்புக்குக் கொண்டுபோனால் இந்த நிழல் முழுவதும் போய்விடும். மேல்தளம் முடிகிற அதே கோட்டில் உங்கள் கண்ணாடியும் நிற்பதால் அதன் மேல் நிழல் விழ வழியே இல்லை. சூரியன் உச்சி சாய்ந்த நொடியிலிருந்து அஸ்தமனம் வரை வெயில் நேராக உள்ளே வரும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடான தரையும் மேசையும் திருப்பி வீசுகிற வெப்பத்தை வெளியே விடாது. உங்கள் மகள் பள்ளி முடிந்து வந்து படிக்க அமரும் நேரத்தில்தான் அந்த 60 சதுர அடி வீட்டிலேயே மிகச் சூடான இடமாக இருக்கும்.

இனி காற்று. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களின்படி, குடியிருக்கும் ஓர் அறையின் ஜன்னல் பரப்பு அதன் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தடையின்றிக் காற்று நுழையும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. உங்கள் கூடத்தைப் பொறுத்தவரை நகரும் கண்ணாடிகள் இந்தக் கணக்கை எளிதில் நிறைவு செய்துவிடும். ஆனால் பெரிய படுக்கையறையின் ஒரே ஜன்னல் பால்கனிக்குள் திறக்கிறது என்கிறீர்கள். பால்கனி கூடமாகிவிட்டால் அந்த அறை வானத்தைப் பார்த்த அறையாக இல்லாமல், இன்னோர் அறையைப் பார்த்த அறையாகிவிடும். மழை வந்து கண்ணாடிகளை இழுத்துச் சாத்திய இரவில் அதற்குள் புதுக் காற்று எங்கிருந்து வரும்? குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் அப்படித்தான். கூடத்திலிருந்து இழுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவதே அதன் வேலை. அதை அடைத்த இடத்துக்குள் விட்டால் தான் தள்ளிய வெப்பத்தையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமானால் அது தனிச் செலவு, தனி அனுமதி.

தரையை உயர்த்துவது பற்றி உங்கள் குத்தகையாளர் எளிதாகச் சொல்லியிருப்பார். பால்கனித் தரையை வேண்டுமென்றே கூடத்தைவிடத் தாழ்வாக அமைப்பது மழைநீர் உள்ளே வராமலிருப்பதற்காக. 60 சதுர அடியில் இரண்டே அங்குலம் சிமெண்ட் பூச்சு ஏற்றினாலும் 600 கிலோவுக்கு மேல் எடை கூடும்; அதன் மேல் ஓடு, கண்ணாடிச் சட்டம், புத்தக அலமாரி எல்லாம் வேறு. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் தளத்துக்கு இழுவிசை அதன் மேற்பக்கத்தில் விழுவதால் முக்கியக் கம்பிகள் மேற்புறத்தில்தான் கிடக்கும். பழைய ஓடுகளைப் பெயர்க்கும்போது உளியும் துளைப்பானும் முதலில் தொடக்கூடியதும் அந்தக் கம்பிகளைத்தான். பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடம் பார்த்துக் கையெழுத்திடாமல் அங்கே கைவைக்க விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெயிலின் திசையைப் பார்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங், சுபாங் ஜெயாவில் 1992இல் முடிந்த மெனாரா மெசினியாகாவில், கிழக்கு மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியே அலுமினியத் தடுப்புகளை வைத்தார். மாடிதோறும் செடிகள் வளரும் திறந்த முற்றங்களைச் சுழன்று ஏறும்படி வெட்டினார். அலுவலகக் கட்டடந்தான், ஆயினும் அடுக்குமாடி வீடுகளுக்கும் அதே பாடம் பொருந்தும். அக்கட்டடம் 1995இல் ஆகா கான் விருது பெற்றது. அவர் செய்ததைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம்: கண்ணாடிக்குப் பதில், விளிம்பில் மேலிருந்து இறங்கும் வெளித்திரை. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே மறிப்பது, உள்ளே வந்த பிறகு திரைச்சீலையால் மறிப்பதைவிடப் பன்மடங்கு நன்று.

கெப்போங் செவிலி:

அண்ணன், நாங்கள் அடைத்தோம், அதற்காக வருந்தவில்லை. அதையும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு 780 சதுர அடி. பால்கனி வெறும் 3 அடி அகலம். நாற்காலி போட்டால் கால் நீட்ட முடியாது. துணிக் கொடியும் பழைய பெட்டிகளும்தான் அங்கே இருந்தன. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனைக் கட்டிலை வீட்டுக்குக் கொண்டுவர நேர்ந்தபோது, அந்த 3 அடி இல்லாமல் கட்டிலைத் திருப்பவே முடிந்திருக்காது. 2019இல் புகைமூட்டம் வந்து பள்ளிகளை மூடிய நாட்களில் நுரையீரல் தளர்ந்த அவரை நல்ல காற்றில் வைத்துக்கொள்ள முடிந்ததும் அப்படி அடைத்திருந்ததால்தான். எங்கள் பால்கனி வடக்கு பார்த்தது என்பதால் வெயில் தொல்லை இல்லை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, மற்ற வீடுகளுக்குப் பொருந்தும் நிறத்திலேயே சட்டம் போட்டோம். பயன்படாத அளவுக்கு ஒடுக்கமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விற்பனைத் தாளில் மட்டும் அதைப் பால்கனி என்று எழுதுகிறவர்களை விட்டுவிட்டு, அதை அறையாக்கிக்கொள்ளும் குடும்பத்தை மட்டும் குறை சொல்வது சரியன்று என்பது என் எண்ணம்.

வரைவாளர், ஜோர்ஜ்டவுன்:

சகோதரி, நீங்கள் சொல்வதை முழு மனத்துடன் ஏற்கிறேன். அகலந்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு நாற்காலியும் இடையில் ஒரு சிறு மேசையும் போட்டு, ஒருவர் எழுந்து நடக்க வழியும் இருக்க வேண்டுமானால் 5 அடிக்குக் குறைந்து முடியாது. சிங்கப்பூரில் தனியார் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிக்குக் கூடுதல் கட்டுமானப் பரப்பு சலுகையாகக் கிடைத்து வந்தது. அந்தச் சலுகை வீடுகளின் வடிவத்தையே மாற்றும் அளவுக்குப் போகவே, 2019 ஜனவரி 17 முதல் அதன் உச்சவரம்பை 10 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைத்து, பால்கனியின் குறைந்தபட்ச அகலத்தை ஒன்றரை மீட்டராகவும் விதித்தார்கள். ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய அதே 5 அடி. கட்டடத்தின் முகத்தை வரைகிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. விதியில் எழுதப்படும் ஓர் எண் என்னைவிட அழுத்தமாக வரைகிறது என்று பிற்பாடு கற்றுக்கொண்டேன்.

செந்தூல் ஐயாவின் பால்கனி சரியாக 5 அடி. அதனால்தான் அதை இழக்க வேண்டாம் என்கிறேன்.

செராஸ் பொருளாளர்:

ஐயா, நான் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் கழகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். குழுவின் மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் பால்கனியோடு தொடர்புடையது என்பதால் சட்டத்தின் பக்கத்தைச் சொல்கிறேன்.

அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், எல்லா அடுக்குமாடிகளுக்கும் பொதுவான துணைவிதிகள் இருக்கின்றன. கட்டடத்தின் வெளித்தோற்றத்தையும் நிறத்தையும் முகப்பையும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றி எவரும் மாற்றக் கூடாது. தேவைப்படும் இடத்தில் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். உங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள் அடைத்திருப்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. அந்த எட்டுப் பேரிடமும் கடிதம் இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியது. வெளியிலிருந்து தெரியும்படி துணி உலர்த்துவதற்கும் இதே அட்டவணையில் தடை உண்டு. சமையலறைக்குப் பின்னால் நான்கடி இடத்தை விட்டுவிட்டு அதில் சலவை இயந்திரத்தையும் வைக்கச் சொல்லும் கட்டடங்களில் இந்த விதியை எவ்வளவு கடுமையாக நடத்துவது என்பது எங்கள் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும் பேச்சு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் துணி எங்காவது உலர்ந்துதானே ஆக வேண்டும்? விளிம்புச் சுவரின் உயரத்துக்குக் கீழே தாழ்ந்த தாங்கிகளில் உலர்த்துவதற்கு எங்கள் கழகம் எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அதன் பிறகு சண்டை குறைந்தது.

இன்னொன்று ஒழுகல். மேல்வீட்டிலிருந்து நீர் கசிந்தால், புகார் வந்த ஏழு நாட்களுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது விதி. மேலும், வேறு காரணம் நிறுவப்படும் வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே சட்டம் கருதும். நீங்கள் தரையை உயர்த்திய பிறகு 13ஆம் மாடிக்காரரின் பால்கனிக் கூரையில் ஈரம் தெரிந்தால், அதற்கு நீங்கள் காரணம் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தோளில் விழும். எங்கள் கட்டடத்தில் இப்படி ஒரு வழக்கு இரண்டு ஆண்டுகள் இழுத்தது. இரண்டு குடும்பங்களும் தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டிருந்தவர்கள், இப்போது மின்தூக்கியில்கூட ஒன்றாக ஏறுவதில்லை.

அந்த 60 சதுர அடி உங்கள் வீட்டுப் பரப்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். எங்கள் குடியிருப்பின் மாதப் பராமரிப்புக் கட்டணமான சதுர அடிக்கு 35 சென் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், மாதம் 21 ரிங்கிட்டும் கட்டடத்தின் சேமநிதிக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் பால்கனிக்காகவே கட்டுகிறீர்கள். திறந்த இடத்துக்குக் காசு கட்டுகிறோமே, அறையாக்கிவிடலாம் என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் அதைத் திறந்த வானத்துக்குக் கட்டும் வாடகையாகப் பார்க்கிறேன்.

கடைசியாக, பால்கனியைத் திறந்தே வைத்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. துளசித் தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள்; ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும், கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். விளிம்புச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் ஒரு மக்கள் வீடமைப்புக் குடியிருப்பில், மேலிருந்து விழுந்த அலுவலக நாற்காலி ஒன்று 15 வயதுப் பையனின் உயிரைப் பறித்தது. தாயோடு கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எங்கள் கட்டடத்தில் விளிம்பில் ஒரு பூந்தொட்டியைக் கண்டாலும் நானே நேரில் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:

தம்பி, வெயிலையும் சட்டத்தையும் பற்றி அவர்கள் இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். தெருவுக்கு ஏதேனும் நேர்கிறதா என்று கேட்டாயே, அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை.

ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள் நான். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஓர் அஞ்சடி, அதாவது முன்திண்ணை, இருக்கும். சாயங்காலம் பால்மரத்து வேலை முடிந்து குளித்த பிறகு பெரியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வழியில் போகும் எவரும் ஒரு சொல் பேசாமல் கடக்க முடியாது. திருமணமாகிப் பினாங்குக்கு வந்தபோது ஆயர் ஈத்தாமில் ஐந்து மாடிப் பிளாட்டில் குடியேறினோம். அங்கே பால்கனி என்று ஒன்றும் கிடையாது. ஆனால் எல்லாக் கதவுகளும் திறந்தவெளி நடைவழி ஒன்றில் திறந்தன. நாலடி அகலந்தான்; அதிலே கோலம், சைக்கிள், மிளகாய் காயும் முறம், வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகள் எல்லாம் இருந்தன. மூன்றாம் மாடியில் நின்று கீழே ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள்காரரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். என் பிள்ளை பள்ளி வேனிலிருந்து இறங்குவதை நான் பார்க்காவிட்டாலும் எதிர்வரிசை மலாய்க்கார அக்கா பார்த்திருப்பார். இதே ஊரில் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுகளை நீ கண்டிருப்பாய். 1960களின் இறுதியில் கட்டத் தொடங்கிய ஒன்பது பெரிய கட்டடங்கள். சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஜன்னல்களிலிருந்து நீட்டிய கழிகளில் ஆடும் துணிகள்தான். அழகில்லை என்பார்கள். எனக்கு அந்தத் துணிகளைப் பார்த்தால் எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் ஆள் இல்லை என்று தெரியும்.

இப்போது மகனோடு தஞ்சோங் தோக்கோங்கில் 19ஆம் மாடியில் இருக்கிறேன். நல்ல பால்கனி, கடல் தெரிகிறது, அதற்காக நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் கவனித்துப் பார் தம்பி: பால்கனி வெளியே வந்தபோது நடைவழி உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் பகலிலும் விளக்கு எரியும் ஒரு நீண்ட வழி; அங்கே எவரும் நிற்பதில்லை. வீடு முன்பக்கத்தில் அண்டை அயலாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கத்தில் தொலைவானத்தைப் பார்க்கிறது. அதிலும் முதல் ஆறேழு மாடிகள் கார் நிறுத்துமிடம். அதற்கு மேல்தான் முதல் குடும்பமே தொடங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து தெருவில் நடப்பவரின் முகம் தெரியாது, குரல் எட்டாது. தெருவில் நடப்பவருக்கும் தலைக்கு மேல் கம்பிச் சுவருக்குள் கார்களின் முன்விளக்குகள்தான் தெரிகின்றன. இருட்டிய பிறகு தனியே நடக்கும் பெண்ணுக்கு, மேலே யாரோ ஒருவர் நிற்கிறார் என்பதே ஒரு துணை அல்லவா? அந்தத் துணையைத் தெரு இழந்துவிட்டது. உன்னுடைய ஒரு கண்ணாடியால் அது போகவில்லை; கட்டும்போதே போய்விட்டது. ஆனால் மிச்சம் இருப்பதையும் ஒவ்வொன்றாக அடைத்தால், கட்டடத்தில் ஆள் இருப்பதற்கு அடையாளமாக இரவில் எரியும் விளக்கைத் தவிர வேறொன்றும் இராது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, ஒன்றரை ஆண்டுகளாகப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணை முதல் முறையாகப் பார்த்தேன், அவர் பால்கனியில் நின்றதால். கையசைத்தோம். பிறகு தினமும் மாலை ஆறரைக்கு இருவரும் வந்து நிற்போம், குரல் எட்டாது, கையசைப்புதான். அடுத்த ஆண்டு உணவுக்குத் திண்டாடிய குடும்பங்கள் வீட்டு வாசலிலும் ஜன்னலிலும் வெள்ளைக்கொடி கட்டினார்களே, நினைவிருக்கிறதா? வெளியே ஒரு துண்டுத் துணி தொங்கியதால்தான் அரிசி வந்தது. வெளியே தொங்கவிட ஓர் இடம் இல்லாத வீடு எதைக் காட்டியிருக்கும்?

உன் அம்மா துளசிக்கு நீரூற்றும் இடத்தை எடுத்துவிடாதே. வாரத்துக்கு ஒரு முறை கீழே இறங்குகிறவருக்கு மற்ற ஆறு நாட்களும் ஊர் என்பது அந்த ஐந்தடிதான். பெண்பிள்ளைக்குப் படிக்க இடம் வேண்டும் என்பதும் நியாயமே. அதற்கு உங்கள் படுக்கையறையில் ஒரு மூலையைக் கொடுக்க முடியாதா என்று பார். பெற்றவர்கள் இரவு பத்து மணி வரை கூடத்தில் இருந்தால் என்ன?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் சொன்னவற்றைச் சரிபார்த்துவிட்டு எழுத விரும்பினேன்.

வரைவாளர் ஐயா சொன்னதைச் சோதிக்க இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றை நகர்த்துக் கதவின் ஓரத்திலும் மற்றொன்றைப் பால்கனி விளிம்பிலும் வைத்து மூன்று நாட்கள் குறித்துக்கொண்டேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவோரத்தில் 32, விளிம்பில் வெயில் பட்ட இடத்தில் 39. அந்த எண்களை மகளிடம் காட்டினேன். அவளுடைய மேசை வரவேண்டிய இடம் எது என்று அவளே விரலை வைத்துக் காட்டிவிட்டு, அங்கே வேண்டாம் என்றாள்.

குத்தகையாளரிடம் பொறியாளர் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன். நிர்வாக அலுவலகத்தில் விசாரித்தபோது, அடைத்த எட்டு வீடுகளில் இரண்டுக்கு மட்டுமே அனுமதிக் கடிதம் இருப்பதாகத் தெரிந்தது. பொருளாளர் ஐயாவின் ஐயம் சரியாகவே இருந்தது.

இப்போது செய்திருப்பது இது. விளிம்பில் மேலிருந்து இறங்கும் சாம்பல் நிற வெளித்திரைக்கு அனுமதி கேட்டு, நிறத்தின் மாதிரித் துண்டையும் இணைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆசிரியை அம்மா சொன்னபடியே படுக்கையறையின் ஜன்னலோரத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டோம். அலமாரி ஒன்றை வெளியேற்ற நேர்ந்தது; மனைவிக்கு அதில் சற்று வருத்தம் உண்டு. துளசித் தொட்டியைச் சுவருக்கு உட்புறமாகத் தரையில் இறக்கி வைத்து, அடித்தட்டில் மணல் நிரப்பிவிட்டேன்.

வரைவாளர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அதிகாலையில் மேற்கிலிருந்து சுமத்ரா காற்று எனப்படும் சூறைக்காற்று அடிக்கும் நாட்களில், இறக்கிவிட்ட வெளித்திரை அந்த வீச்சைத் தாங்குமா, அல்லது சுருட்டி மேலே ஏற்றிவிட வேண்டுமா? அம்மா ஐந்தரைக்கே எழுந்து அங்கே போய்விடுவதால், ஏற்றி இறக்கும் கயிறு அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதை எந்தப் பக்கத்தில் வைத்தால் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.